மே என்றால் மேற்கு

பண்டத்தரிப்பில் யாராவது புதிதாக வீடு கட்டத் தொடங்கினால் முதலில் தேடிப் போவது கலா அக்காவைத்தான். பிரதேச சபைக்குக் கொடுக்க வேண்டிய வீட்டுப் பிளானை அவர்தான் கீறிக் கொடுப்பார். முழுப் பெயர் உதயகலா. எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் அவரும் தாயார் குணலட்சுமியும் மட்டும் இருக்கிறார்கள். ஊரில் அவரைப் ‘பிளான் அக்கா’ என்றுதான் சொல்வார்கள்.

அதற்கு முதல் அவருக்கு இன்னொரு பெயர் இருந்தது. ‘மடத்துப் பெட்டை.’

அந்த மடம் எங்கள் ஊர் வீதியில், கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது. வடலியடி மடம் என்று சொல்வார்கள். கீரிமலைக்கு நடந்து போகிறவர்கள் வெயிலுக்கு இருந்து எழும்பிப் போக, ஒரு புகையிலை வியாபாரி கட்டிவைத்தது. மூன்று பக்கம் சுவர். வீதியைப் பார்த்த பக்கம் திறந்தபடி இருக்கும். அந்தத் திறந்த பக்கத்தில் இரண்டு தடித்த கல் தூண்கள், மேற்கில் ஒன்று, கிழக்கில் ஒன்று. நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் மழைக்கு ஒதுங்குவதற்கும் பஸ் பார்ப்பதற்கும் அதற்குள்தான் ஓடுவோம். அதற்குள் ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது.

தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து மயிலிட்டியை விட்டு எழும்பி வந்த குடும்பங்களில் நான்கு அந்த மடத்துக்குள் தங்கின. கலா அக்காவின் தாய் இரண்டு பிள்ளைகளோடு வந்தார். தகப்பன் அதற்கு முதலே நோய் வருத்தம் வந்து இறந்துவிட்டார். கலா அக்காவுக்குப் பத்து வயது. தம்பி ஜெயசுதனுக்கு ஆறு. மேற்குத் தூணுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடம் அவர்களுக்குக் கிடைத்தது. ஒரு சேலையைத் தூணில் இருந்து சுவரில் அடித்த ஆணி வரைக்கும் கட்டினால் அதுதான் அறை. கோயில்காரர் முதலில் “கோடை முடியும் மட்டும் இருங்கோ” என்றாராம். ஐந்து கோடை முடிந்தது.

கஷ்டமான காலம் என்றுதான் நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் கலா அக்கா அந்த மடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். மண்ணெண்ணெய் இல்லாத காலம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதில் கொஞ்சம் எண்ணெய் விட்டு எரிக்கிற விளக்கு. அந்த ஒரு விளக்கைச் சுற்றி நான்கு குடும்பத்துப் பிள்ளைகளும் படிப்பார்கள். பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை றேடியோவுக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிற வேலை ஜெயசுதனுடையது. நாடகம் நல்ல இடத்துக்கு வரும்போது சுற்றுவதை நிறுத்திவிட்டு, “ஆர் எனக்குப் பனங்கட்டி தாறியள்?” என்று கேட்பானாம். பனங்கட்டி வாய்க்குள் போன பிறகுதான் நாடகத்தில் இருப்பவர்கள் மறுபடி கதைப்பார்கள்.

மடத்துக்கு வந்த கிழமையில் ஒருமுறையும், பிறகு ஒவ்வொரு சித்திரை வருசப்பிறப்பு அன்று காலையிலும் இன்னொரு வேலை நடக்கும். தாய் அவனை மேற்குத் தூணின் உள்பக்கத்தில் சாய்த்து நிறுத்துவார். ஒரு சீப்பைத் தலையில் மட்டமாக வைத்துப் பிடிப்பார். சீப்பு தொடும் இடத்தில் கலா அக்கா ஒரு ஆணியால் கல்லில் கோடு கீறுவார். கோட்டுக்குப் பக்கத்தில் வயதை அவனே எழுதுவான். ஆறில் இருந்து பதினொன்று வரைக்கும் அப்படி எழுதியிருந்தான்.

“ஒவ்வொரு முறையும் குதியை எழுப்புவான்,” என்று கலா அக்கா ஒருநாள் சொன்னார். “அம்மா காலை மிதிச்சுப் பிடிப்பா. நான் கீறின முதல் பிளான் அதுதான்.”

தொண்ணூற்றைந்தில் எல்லாரும் ஊரை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் போனோம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அப்போது அவர்களும் மடத்தை விட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது மடத்துக்குள் போகவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு கொட்டில் போட்டார்கள். ஜெயசுதன் வளர்ந்தான். பதினேழு வயதில் மாதகல் கரையில் இருந்து மாமன் ஒருவரோடு கடல் தொழிலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. வள்ளமும் வரவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து திரிந்ததில் அவனுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கனகாலத்துக்குப் பிறகு இராணுவம் மயிலிட்டிக் காணிகளைத் திருப்பி விட்டபோது போய்ப் பார்த்தார்கள். அங்கே வீடு இருந்த இடத்தில் எருக்கலை நின்றது.

அவன் இந்த அளவு இருந்தான் என்று சொல்ல அந்தத் தூண் மட்டும்தான் இருந்தது. அதுவும் வெளியில் தெரியாது. கோயில் திருவிழாவுக்குத் திருவிழா மடத்துக்கும் வெள்ளையடிப்பார்கள். கோடுகளுக்கு மேல் சுண்ணாம்பு தடித்துப் போய்விட்டது. உள்ளுக்குள் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் தாயும் மகளும்தான். பஸ்ஸுக்கு நிற்கும்போது கலா அக்கா அந்தத் தூணோடுதான் நிற்பார். நாங்கள் அதை நிழலுக்கென்று நினைத்திருந்தோம்.

பிறகு வீதியை அகலிக்கத் தொடங்கினார்கள். மடம் வழியில் வந்தது. இடித்துத் தள்ளாமல், கல்லுக்குக் கல் பதிந்து, கழற்றி, பின்னுக்குக் கோயில் காணியில் அப்படியே திருப்பிக் கட்டுவது என்று முடிவானது. வேலையைப் பார்க்க வந்த பொறியியலாளர் பிரகலாதன், கோப்பாயைச் சேர்ந்தவர், இளம் ஆள். படம் கீறவும் கற்களுக்கு இலக்கம் போடவும் உள்ளூரில் ஒரு ஆள் தேவை என்று விசாரித்தார். எல்லாரும் கலா அக்காவைக் காட்டினார்கள்.

கலா அக்கா அந்த வேலையை எடுத்தார். ஆனால் மடத்தில் தான் வளர்ந்ததைப் பிரகலாதனுக்குச் சொல்லவில்லை. ‘மடத்துப் பெட்டை’ என்ற பெயர் போய்ப் ‘பிளான் அக்கா’ ஆவதற்கு அவருக்குக் கனகாலம் எடுத்திருந்தது. கோடுகளைப் பற்றியும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் வேலை விதி. கட்டடத்தின் பழைய கற்களில் பிற்காலத்தில் ஆட்கள் கீறிய கீறல்கள், எழுதிய எழுத்துகள் எல்லாவற்றையும் சாந்து வைத்து நிரப்பிவிட வேண்டும் என்று பிரகலாதன் முதல் நாளே சொல்லியிருந்தார். அதில் தவறும் இல்லை. கிழக்குத் தூணில் அம்பு குத்திய இதயங்களும், யாரோ யாரையோ நினைத்து எழுதிய பெயர்களும் நிறைய இருந்தன.

“எங்கடையும் கீறல்தானே,” என்று தாயிடம் சொன்னாராம் கலா அக்கா. “சொன்னால் அதையும் சேர்த்துத்தான் பூசுவினம். சொல்லாமல் விட்டால் மேசன் கவனிக்காமல் கட்டிப்போடுவார். பிறகு கோயில்காரர் வெள்ளை அடிப்பினம். முந்தி மாதிரி உள்ளுக்கை கிடக்கும். அது காணும்.”

அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். யாரும் பார்க்கத் தேவையில்லை. கோடுகள் இருந்த இடத்தில் இருந்தால் போதும்.

முதலில் படம் எடுத்தார்கள். நான்கு பக்கமும், தூரத்திலும் கிட்டவும். படங்களில் தூண் வெறும் வெள்ளையாகத்தான் விழுந்தது. எந்தக் கல் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பிறகு கல் கட்டுகிற மேசன் கனிசியஸ் அண்ணை தகட்டால் சுண்ணாம்பைச் சுரண்டினார். அப்போதுதான் தூண்கள் தட்டையான கற்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிக் கட்டியவை என்று தெரிந்தது. எல்லாம் ஒரே அளவில் வெட்டிய கற்கள். மேற்குத் தூணின் உள்பக்கத்தைச் சுரண்டும்போது கலா அக்கா பக்கத்தில் நின்றார். தூணின் நடுப்பகுதியில், அடுத்தடுத்து மூன்று கற்களில் கோடுகள் வெளியே வந்தன. ஒரு கல்லில் இரண்டு கோடு. அவனுடைய எட்டு, வழக்கம்போல, விழப்போகிற மாதிரிச் சரிந்து நின்றது.

“கண்ணுக்குள்ளை சுண்ணாம்பு போட்டுதோ பிள்ளை?” என்று கனிசியஸ் அண்ணை கேட்டார்.

“ஓம் அண்ணை,” என்று சொல்லிவிட்டுக் கலா அக்கா நீலப் பெயின்றை எடுத்தார். நிலத்தில் இருந்து மேலே போகும் ஒழுங்கில், ஒவ்வொரு கல்லின் பக்கவாட்டிலும் எழுதினார். மேற்குத் தூணுக்கு மே 1, மே 2, மே 3. கிழக்குத் தூணுக்குக் கி 1, கி 2, கி 3. அவருக்கு அதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. கழற்றிய கற்களை வைக்கோல் போட்டுக் கோயில் மதிலோடு அடுக்கினார்கள்.

புது இடத்தில் கட்டத் தொடங்கிய வாரத்தில் குணலட்சுமி அம்மாவுக்கு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கண் சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்தது. கலா அக்கா தாயோடு போய் நின்றார். திரும்பி வந்த அன்று பின்னேரம், ஸ்கூட்டியை வீட்டில் விடாமல் நேரே மடத்துக்குத்தான் போனார். இரண்டு தூண்களும் எழும்பியிருந்தன. கூரை மரம் இன்னும் ஏற்றவில்லை. கனிசியஸ் அண்ணை மேற்குத் தூணின் உள்பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பிரகலாதன் மட்டப்பலகையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்கோ பிளான் பிள்ளை,” என்றார் கனிசியஸ் அண்ணை. “நல்ல நேரம் வந்தியள். உதிலை ஒரு பகிடி கிடக்கு பாருங்கோ. ஆரோ ஒரு பெடியன்ரை உயரத்தைக் கீறி வைச்சிருக்கினம். சேர் பூசச் சொன்னவர். பூச முதல் பார்த்தால், பதினொரு வயசிலை கீழை நிக்கிறான், ஏழு வயசிலை மேலை நிக்கிறான். வயசு போகப் போகப் பெடியன் கட்டையாப் போறானே! சாப்பாடு குடுக்கேல்லைப் போலை.”

கலா அக்கா சிரிக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தார். மூன்று கற்களும் அநேகமாகப் பழைய உயரத்தில்தான் இருந்தன. ஆனால் ஒழுங்கு தலைகீழ். பத்தும் பதினொன்றும் அடியில். எட்டும் ஒன்பதும் நடுவில். ஆறும் ஏழும் உச்சியில். கோடுகளின் மேல் பூசக் குழைத்த சாந்து இரும்புத் தாச்சியில் தயாராக இருந்தது.

“அண்ணை, உதைப் பூசாதேங்கோ. தூண் பிழை,” என்றார்.

“என்ன பிழை? நூல் பிடிச்சுத்தான் எழுப்பினது. சேரும் இப்பதான் பார்த்தவர்.”

“கல்லுகள் மாறிக் கிடக்கு. முழுத் தூணும் மாறிக் கிடக்கு.”

பிரகலாதன் மட்டப்பலகையை வைத்துவிட்டு வந்தார். “எப்பிடி அக்கா சொல்லுறியள்? முந்தி எடுத்த படத்திலை ஒண்டும் தெரியாதே.”

இதற்குத்தான் கலா அக்கா இத்தனை நாளும் பயந்திருந்தார். பேசாமல் விட்டால் இப்போதே பூசிவிடுவார்கள். பூசாமல் விட்டாலும் தம்பி வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டு நிற்பான். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

“அந்தப் பெடியன் என்ரை தம்பி,” என்றார். “அந்தக் கோடு கீறினது நான். நாங்கள் இந்த மடத்துக்கைதான் இருந்தனாங்கள்.”

கனிசியஸ் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “ஐயோ பிள்ளை, நான் பகிடிக்குச் சொன்னது.”

“அவனும் கேட்டிருந்தால் சிரிச்சிருப்பான் அண்ணை. நீங்கள் இதை எப்பிடி அடுக்கினியள்? நான் இலக்கம் போட்டுத்தானே விட்டனான்?”

“நீங்கள் எழுதின மாதிரித்தான் அடுக்கினது. மே ஒண்டு எண்டால் மேலை இருந்து ஒண்டு. கீ ஒண்டு எண்டால் கீழை இருந்து ஒண்டு. ஒரு தூணுக்கு மேலை இருந்து எண்ணி, மற்றதுக்குக் கீழை இருந்து எண்ணியிருக்கிறா, பிளான் படிச்ச ஆக்கள் ஏதாவது காரணத்தோடைதான் செய்வினம் எண்டு விட்டிட்டன்.”

“அது கீ இல்லை அண்ணை, கி. கிழக்கு. மே எண்டால் மேற்கு.”

கனிசியஸ் அண்ணை தூணைப் பார்த்தார், கலா அக்காவைப் பார்த்தார். “கல்லுக்கு ஏது மேற்கு? கல்லுக்கு மேலும் கீழும்தானே. நல்லகாலம், மே எண்டால் மேசன் எண்டு நினைச்சு வீட்டை கொண்டுபோகேல்லை.”

பிரகலாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடனே முகம் மாறியது. கூரை ஏற்றும் நாள் குறித்தாகிவிட்டது. ஒப்பந்தகாரர் தொலைபேசியில் நெருக்கிக்கொண்டிருந்தார். “கல்லெல்லாம் ஒரே அளவு,” என்றார் மெதுவாக. “நிறை தாங்கிறதிலை ஒரு வித்தியாசமும் வராது. வெளியிலை ஆருக்கும் தெரியவும் தெரியாது.”

“எனக்குத் தெரியும் சேர்,” என்றார் கலா அக்கா. “எழுதினது நான். மேற்கு எண்டு முழுசா எழுதியிருக்க வேணும். என்ரை பிழை. ஆனால் இருந்த மாதிரியே திருப்பிக் கட்டுறம் எண்டுதானே கழற்றினது?”

பிரகலாதன் தூணின் முன்னால் குந்தி இருந்தார். ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் பார்த்தார். ஏழு, ஆறு, ஒன்பது, எட்டு, பதினொன்று, பத்து என்று மேலிருந்து வாசித்தார்.

“இந்தத் தூணிலை எந்தக் கல் எங்கை இருந்தது எண்டு சொல்ல எங்களிட்டை இது மட்டும்தான் இருக்கு,” என்றார் பிறகு. “அப்ப இதை எப்பிடிப் பூசுறது? கனிசியஸ் அண்ணை, சாந்து இன்னும் இறுகேல்லைத்தானே?”

“சுண்ணாம்புச் சாந்து சேர், சீமெந்து இல்லை. மனம் வைச்சால் கழரும். முதுகுதான் கழராமல் இருக்க வேணும்.”

அடுத்த நாள் காலையில் தூணைக் கழற்றினார்கள். இந்தமுறை எழுத்தை மாற்ற வேண்டும் என்று கலா அக்கா விடாப்பிடியாக நின்றார். மே என்று இனி ஒரு கல்லிலும் எழுதுவதில்லை என்றார். கடற்கரை ஆட்களுக்குத் திசை என்றால் காற்றுத்தான். மேற்கில் இருந்து வருவது கச்சான், கிழக்கில் இருந்து வருவது கொண்டல். நீலப் பெயின்றின் மேல் சிவப்பால் ‘கச்சான் 1’ என்று முழுவதாக எழுதி, மேல்பக்கத்துக்கு ஒரு அம்புக்குறியும் போட்டார்.

“இப்ப விளங்குது,” என்றார் கனிசியஸ் அண்ணை. “கச்சான் மேலை இருந்தும் அடியாது, கீழை இருந்தும் அடியாது.” அன்று முழுவதும் வேலையாட்கள் “கச்சான் ஏழு கொண்டா, கச்சான் எட்டு கொண்டா” என்று கத்த, வீதியால் போனவர்கள் கடலைக்காரன் வந்துவிட்டான் என்று திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர்.

ஆனால் எல்லாம் நல்லபடி நடக்கவில்லை. எட்டும் ஒன்பதும் இருந்த கல் கழற்றும்போதே நடுவால் வெடித்தது. தூக்கி வைக்கும்போது ஒரு பக்கம் உதிர்ந்து கொட்டியது. உள்ளே பவளப் பாறையான முருகைக் கல்லின் துவாரங்கள். பழைய கல், இரண்டு முறை கழற்றியதைத் தாங்கவில்லை. கனிசியஸ் அண்ணை உதிர்ந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு பக்கம் வைத்தார். முதல்முறையே சரியாகக் கட்டியிருந்தால் அது வெடித்திருக்காது என்று அவருக்கும் தெரியும், கலா அக்காவுக்கும் தெரியும். இடிந்த மதில் ஒன்றில் இருந்து அதே அளவில் ஒரு கல்லை வெட்டி அந்த இடத்தில் வைத்தார்கள். அது மட்டும் வெளிறிப்போய்த் தெரிந்தது.

தூண் மறுபடி எழும்பிய பிறகு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி போட்டபடி குணலட்சுமி அம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். மகள் கையைப் பிடித்துக் கொண்டுவந்து தூணுக்கு முன்னால் விட்டார். பிரகலாதன் தள்ளி நின்றார். புதுப் பதிவில் மேற்குத் தூணின் உள்பக்கக் கோடுகள் இருக்க வேண்டியவை, நிரப்பக்கூடாதவை என்று அவர் எழுதிவிட்டார். கோயில்காரரிடமும் சொல்லி, அந்தப் பக்கத்துக்கு இனி வெள்ளை அடிக்க வேண்டாம் என்று கேட்டு வைத்திருந்தார்.

அம்மா ஆறைத் தடவினார். ஏழைத் தடவினார். அடுத்த கல்லில் விரல் ஒன்றும் பிடிபடாமல் நின்றது.

“உது வெடிச்சுப் போச்சுது அம்மா,” என்றார் கனிசியஸ் அண்ணை. குரலில் பகிடி இல்லை. “நான் ஒரு கோடு கீறி விடட்டோ? ஏழுக்கும் பத்துக்கும் இடையிலை அளந்து, சரியாப் பங்கு பிரிச்சு, எட்டு, ஒன்பது எண்டு போடலாம். பிளான் பிள்ளை அளந்து தந்தால் ஒரு நூலும் பிசகாது.”

கலா அக்காவின் கையில் அளவு நாடா இருந்தது. தாயின் முகத்தைப் பார்த்தார்.

“வேண்டாம் தம்பி,” என்றார் அம்மா. “பிள்ளை நிக்காமல் எப்பிடிக் கோடு போடுறது?”

பிறகு பத்தில் கை வைத்தார், பதினொன்றில் வைத்தார். அதற்கு மேலே கல் வெறுமையாக இருந்தது. அவர் அங்கே நிறுத்தவில்லை. கையை மெல்ல மேலே கொண்டுபோனார். தோள் மட்டத்துக்கு, தலைக்கு, தலைக்கும் மேலே. கறுப்புக் கண்ணாடியோடு அண்ணாந்து பார்த்தபடி, குதியை எழுப்பி எட்டிப் பார்த்தார். எட்டவில்லை.

“கடலுக்குப் போகேக்கை இவ்வளவு இருந்தவன்,” என்றார். “கலா, நீ வந்து தொடு பாப்பம்.”

கலா அக்கா அளவு நாடாவைப் பைக்குள் வைத்துவிட்டு வந்து, தாய் சொன்ன இடத்தில் உள்ளங்கையை வைத்தார். “இதிலையோ அம்மா?”

“இன்னும் கொஞ்சம் மேலை,” என்றார் அம்மா.